முதல் ஆட்டு நாய்: குட்டியா, பாதி பழகியதா?

2021 பிப்ரவரியில் வேல்ஸில் உள்ள டோல்கெத்லாய் ஊரின் கால்நடைச் சந்தை இணையத்தில் நடத்திய ஏலத்தில், கிம் என்ற ஒரு வயதுப் பெட்டை நாய் 27,100 கினிக்கு விலைபோனது. ஆட்டை வளைத்து ஓட்டும் பார்டர் கோலி இனம் அது. ஒரு கினி என்றால் ஒரு பவுண்டும் ஐந்து பென்ஸும். கடைத்தெருவில் செத்துப்போன அந்தக் கணக்கு இங்கே கால்நடை ஏலத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பவுண்டில் 28,455. அதே இனத்தில் எட்டு வாரக் குட்டியைச் சில நூறு பவுண்டுக்கு வாங்கிவிடலாம்.

கிம் விலை விதிவிலக்கு. சாதாரணமாகப் பாதி பழகிய, அதாவது அடிப்படைக் கட்டளைகள் தெரிந்த நாய் சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கும். இருந்தாலும் முதல் நாய் வாங்க நினைப்பவர் இந்த இடைவெளியைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எதற்கு அவ்வளவு கொடுக்க வேண்டும், குட்டியை வாங்கி நாமே பழக்கினால் என்ன?

நானும் அப்படித்தான் கேட்டேன். மத்திய வேல்ஸில் ஒரு மலைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் நாயைக் குட்டியாக வாங்கினேன். இரண்டாவதைப் பதினைந்து மாத வயதில், பாதி பழகியதாக வாங்கினேன். இரண்டும் நல்ல நாய்கள்தான். வாங்கிய வரிசைதான் தப்பு.

ஊரில் இதைச் சொன்னால் கிடை நாயா என்று கேட்கிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கீதாரிகள் கிடையோடு வைத்திருக்கும் நாய் காவலுக்கு. ராத்திரியில் நரியோ திருடனோ வந்தால் குரைக்கும். ஆட்டை மடக்குவது கீதாரியின் கம்பும் குரலும். பார்டர் கோலி இதற்கு நேர் எதிர். வேலையில் வாயே திறக்காது. காவலுக்கு லாயக்கில்லை. ஓநாய் இரையை உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். இந்த வரிசையில் முதல் மூன்றை ஊட்டி வளர்த்து, பின் இரண்டை அமுக்கி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த நாய் இது. ஆட்டைக் கண்டால் வளைக்க வேண்டும் என்ற வெறி அதன் இரத்தத்தில் இருக்கிறது. அந்த வெறிக்குக் கடிவாளம் போடுவதைத்தான் பழக்குவது என்கிறோம்.

குட்டி: மலிவு, அன்பு, சூதாட்டம்

குட்டி வாங்குவதில் உள்ள பெரிய லாபம், தாய் தகப்பனைப் பார்த்து எடுக்கலாம் என்பது. இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை என்று எல்லோரும் சொல்லும் ஓல்டு ஹெம்ப், 1893இல் இங்கிலாந்தின் நார்த்தம்பர்லண்டில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்தது. தகப்பன் ராய் கலகலப்பான நாய், ‘கண்’ குறைவு. தாய் மெக் கூச்சக்காரி, ஆனால் கண் மிக அதிகம். கண் என்பது ஆட்டை முறைத்தே நிறுத்தும் அந்தப் பார்வை. இரண்டும் சேர்ந்து அளவாக அமைந்தது மகனுக்கு. இன்றும் குட்டி பார்க்கப் போகிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். கண் மிஞ்சிய நாய் ஆட்டைப் பார்த்தபடியே உறைந்து நின்றுவிடும், கூப்பிட்டாலும் அசையாது. கண்ணே இல்லாத நாய் ஓயாமல் ஓடி ஆட்டைக் கலைக்கும். தாய் தகப்பன் வேலை செய்வதை வயலில் நின்று பாருங்கள். 1906இல் தொடங்கிய சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறதா, கோலி இனங்களில் அதிகம் காணப்படும் பரம்பரைக் கண் நோய்க்குச் சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள்.

அதன் பிறகு காத்திருப்பு. ஆட்டின் மேல் ஆசை எப்போது விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில குட்டிக்கு நான்கு மாதத்தில், சிலதுக்கு ஒரு வயது தாண்டி, அபூர்வமாகச் சிலதுக்கு எப்போதுமே இல்லை. விழித்தாலும் உடனே வேலைக்கு இறக்கக் கூடாது. ஓடும் ஆட்டை முந்திப் போய் மறிக்கும் வேகம் வர எட்டு, பத்து மாதம் ஆகும். முந்த முடியாத குட்டி பின்னாலிருந்து துரத்தத்தான் கற்றுக்கொள்ளும், அந்தப் பழக்கத்தை அழிப்பது பெரும்பாடு. அதுவரை கூப்பிட்டால் வருவது, சொன்னால் படுப்பது, கட்டிப்போட்டால் சும்மா இருப்பது, இவ்வளவு போதும்.

எனக்குப் பொறுமை இல்லை. என் குட்டிக்கு நெல் என்று பெயர். இங்கே அது சாதாரணப் பெண் பெயர். கூப்பிடும்போதெல்லாம் எனக்கு மட்டும் வயல் ஞாபகம் வரும். ஏழு மாதத்தில் அது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆடுகளைப் பார்த்துப் பதுங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே இருந்தவை ஈன்று மூன்று வாரமே ஆன தாய் ஆடுகள். ஒன்று காலைத் தட்டி எச்சரித்தது, அடுத்த நொடி முட்டித் தூக்கியது. காயமில்லை. ஆனால் அதற்குப் பின் இரண்டு மாதம், ஆடு திரும்பி முறைத்தாலே நெல் என் காலுக்குப் பின்னால் வந்து நிற்கும். பண்ணைப் பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வயதான, நாய்க்குப் பழகிய ஆறு ஆடுகளைத் தனியாகப் பிரித்துக் கொடுத்து, “இதுகளோடு ஆரம்பி” என்றார். கதவைத் திறக்கும் முன் யாரையாவது கேட்டிருந்தால் அந்த இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

எங்கே பழக்குவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி வட்டப் பட்டி: ஆடுகள் உள்ளே, நாய் வெளியே சுற்றும். எதுவும் கைமீறாது. ஆனால் நெருக்கத்தில் நாய் ஆட்டை ஒட்டியே சுற்றிப் பழகும், பதற்றத்தில் கவ்வும். இன்னொரு கட்சி திறந்தவெளி: நாய் அகலமாகச் சுற்றக் கற்கும், ஆனால் கலைந்தால் ஆடு மலையுச்சியில். எனக்கு நடுவழிதான் சரிப்பட்டது. முதல் நாலைந்து நாள் பட்டி, பிறகு ஏறக்குறைய ஒரு ஏக்கரில் சிறு வயல். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம். கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடுகள் நடுவில், நீங்கள் ஆறில். நல்ல இரத்தமுள்ள குட்டி யாரும் சொல்லாமலே பன்னிரண்டுக்குப் போகும். நீங்கள் ஏழுக்கு நகர்ந்தால் அது ஒன்றுக்கு நகரும். அது உங்களிடம் இரையைக் கொண்டுவருகிறது, நீங்கள் அதன் வேட்டைக் கூட்டாளி. அப்படியே பின்னால் நடந்தால் மந்தை உங்களோடு வரும். குட்டி வலமாகச் சுற்றும்போது ‘கம் பை’, இடமாகச் சுற்றும்போது ‘அவே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் சொல் ஒட்டிக்கொள்ளும். கம் பை என்றால் கோயில் பிரகாரம் சுற்றும் திசை என்று நான் மனதில் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் குழம்பியதில்லை. கடைசியாக வருவது பத்திக்கொண்டு போவது. ஆட்டை உங்களிடமிருந்து விலக்கி ஓட்ட வேண்டும், அதாவது கூட்டாளியிடமிருந்து இரையைப் பறித்துக்கொண்டு போவதுபோல. நாயின் பிறவிக் குணத்துக்கே விரோதம். நெல்லுக்கு இது வர ஆறு மாதம் பிடித்தது.

கஷ்டம் என்னவென்றால், இவை எல்லாவற்றுக்கும் நான் எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்கே தெரியவில்லை. நான் தப்பான இடத்தில் நின்றுகொண்டு நாயைத் திட்டினேன். புது ஆளும் புது நாயும் சேர்ந்தால் இரண்டில் எது பிசகியது என்று சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும்.

பாதி பழகியது: காசு போகும், நாய் சொல்லிக்கொடுக்கும்

என் இரண்டாவது நாய் மாஸ் வந்தபோது வலம், இடம், நில், வா என்ற நான்கும் அதற்குத் தெரியும். ஆட்டைச் சேர்த்துக் கொண்டுவரும், பத்தவும் கொஞ்சம் வரும். முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்தது. நான் தப்பாகச் சொன்னால் அது ஒரு கணம் தயங்கி என்னைத் திரும்பிப் பார்க்கும். நெல்லிடம் ஒன்றரை ஆண்டில் நான் படிக்காததை மாஸ் இரண்டு மாதத்தில் படிக்க வைத்தது: மந்தையின் எந்த ஆடு முதலில் தலையைத் திருப்புகிறது, அதற்கு எந்தப் பக்கம் நாய் இருக்க வேண்டும் என்பது. அந்தக் கணக்கு தெரிந்தபின் நெல்லும் மேலும் நன்றாக வேலை செய்தது. நாய் அப்படியேதான் இருந்தது, நான்தான் இடம் மாறி நின்றேன்.

காலக் கணக்கும் இந்தப் பக்கம்தான். நல்ல ஆட்டு நாய் ஒன்பது, பத்து வயது வரை ஓடும். குட்டி முழு வேலைக்கு வர இரண்டு, இரண்டரை ஆண்டு. அதற்குள் இரண்டு முறை ஆடு ஈனும் பருவம் வந்துபோகும், அவ்விரண்டிலும் நீங்களே ஓட வேண்டும்.

பயமும் உண்டு. எதற்காக விற்கிறார்கள்? பலர் இதையே தொழிலாகச் செய்கிறார்கள், அது நல்ல காரணம். சிலர் கவ்வும் நாயையும் கடாவைக் கண்டால் பின்வாங்கும் நாயையும் தள்ளிவிடுகிறார்கள். வீடியோவை நம்பாதீர்கள். தினமும் பார்க்கும் ஆறு ஆட்டோடு எந்த நாயும் நன்றாகத்தான் ஓடும். அதற்குப் பழக்கமில்லாத ஆட்டோடு பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் நீங்களே கூப்பிட்டுக் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பாருங்கள். கைக்கு அகப்படாத நாய் வயலில் பத்து நிமிட வேலைக்குப் பின் அரைமணி நேரம் அலைய வைக்கும்.

பாசத்தில் குட்டி ஜெயிக்கும் என்பார்கள். முதல் மாதம் மாஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, உண்மை. சாப்பாடும் வேலையும் ஒரே கையிலிருந்து வந்ததும் அது சரியாகிவிட்டது.

மற்ற வழிகள்

குட்டியை வாங்கி, பத்து மாதத்தில் பழக்குநரிடம் சில மாதம் விடுவது மூன்றாவது வழி. நாய் பழகித் திரும்பி வரும், பழகாதவர் நீங்கள் மட்டும். வாரம் ஒருமுறை நீங்களும் போய் நிற்கலாம் என்றால் மட்டும் செய்யுங்கள்.

வயதான நாயோடு சேர்த்து ஓடவிடுவது நான்காவது. நம் ஊரில் புது மாட்டைப் பழகிய மாட்டோடு ஒரே நுகத்தில் பூட்டிப் பழக்குவோமே, அந்த யோசனைதான் எனக்கும் முதலில் தோன்றியது. இங்கே பலிக்காது. ஏரில் இரண்டு மாட்டுக்கும் ஒரே சால். ஆட்டு நாய்க்கு வேலையே ஆட்டைப் பார்த்து நிற்பது. குட்டியோ ஆட்டை விட்டுப் பெரிய நாயையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடும். தனியாக ஓடத் தெரிந்தபின் சேர்க்கலாம்.

இனத்தை மாற்றிப் பார்க்கலாமா என்றால், அது நிலத்தைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் கெல்பி வெயில் தாங்கும், நெருக்கமான பட்டியில் ஆடுகளின் முதுகு மேலேயே ஏறி ஓடி முன்னால் போய்விடும். நியூசிலாந்தின் ஹன்டவே குரைத்தே மலைச்சரிவிலிருந்து மந்தையை விரட்டும். ஈர மலையில் சின்னக் கூட்டமாக ஆடு வைத்திருப்பவருக்கு கோலிதான். ஊரில் பத்து ஆட்டுக்கு கோலி வாங்கலாமா என்று கேட்டவரிடம் வேண்டாம் என்றேன். வேலை இல்லாவிட்டால் அது கோழியை, சைக்கிளை, பிள்ளைகளை வளைக்க ஆரம்பிக்கும்.

ஆக, முதல் நாய் பாதி பழகியது, இரண்டாவது குட்டி. கையில் காசில்லாமல் குட்டிதான் முடியும் என்றால், தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்துப் பண்ணையில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், பிறகு குட்டியைப் பாருங்கள்.

பாதி பழகியதை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அதன் பழைய ஆள் விசிலில் பழக்கியிருப்பார். மடித்த தகட்டில் ஓட்டை போட்ட, நாக்குக்கு மேல் வைக்கும் விசில் அது. காற்றை மீறிப் போகும், நம் கோபம் அதில் கேட்காது. ஆளுக்கு ஆள் ஊதல் வேறு. நான்கு கட்டளைக்கும் அவர் ஊதுவதை வாங்கும் நாளிலேயே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் செய்யவில்லை. என்னுடைய ‘நில்’ மாஸுக்கு ‘வலம் போ’ என்று கேட்டது. ஒரு மாலை முழுக்க நான் நில் நில் என்று ஊத, அது பிரகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது.