“ஒட்டுத் தெரியாத” மிருதங்க, தம்பூரா லூப்கள்: பணம் கட்டும் முன் எண்ணிப் பாருங்கள்

மிருதங்க லூப், தம்பூரா லூப் (இடைவிடாமல் திரும்பத் திரும்ப ஓடவிடும் சிறு ஒலிக்கோப்பு) என்று இணையத்தில் தொகுப்பாக விற்பவர்களிடம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அண்மையில் வாங்கிய ஒரு தொகுப்பின் விளம்பரத்தில் “ஒட்டுத் தெரியாமல் சுழலும், ஸ்டுடியோ தரம், வேவ் கோப்புகள்” என்று இருந்தது. உள்ளே இருந்தவற்றில் பெரும்பாலானவை, அளவைக் குறைக்க ஒலியில் கொஞ்சம் கழித்துவிடும் எம்பி3யை, எதையும் கழிக்காத வேவாக மாற்றியவை. கேட்டதற்கு, பதிவிறக்கிய கோப்புக்குப் பணம் திரும்பாது என்று ஒரே வரியில் பதில்.

காதை விடக் கணக்கு சீக்கிரம் பிடித்துக் கொடுக்கும். நிமிடத்துக்கு 90 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்ற வேகத்தில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் (முழுச் சுற்று), அதாவது 8 அட்சரம், 5.333 வினாடி. வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியலையின் ஒரு கணத்து அளவீடு) என்றால் சரியாக 235,200 சாம்பிள் வர வேண்டும். கோப்பில் இருந்தது 237,312. இது 1,152ஆல் மீதியின்றி வகுபடும் எண், 206 மடங்கு. எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட கட்டங்களாகத்தான் அடைக்கும். கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் வெறுமையை வைத்து நிரப்பும். முன்பக்கம் வழக்கமாக 576 சாம்பிளை என்கோடர் (எம்பி3யாக அடைக்கும் மென்பொருள்) சேர்க்கிறது, அதை மீண்டும் ஒலியாகப் பிரிக்கும்போது இன்னும் 529 சேர்கிறது. ஆக, தொடக்கத்தில் 1,105 சாம்பிள், சுமார் 25 மில்லிவினாடி மௌனம். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் முதல் அடிக்கு முன் தட்டையான கோடாகவே தெரியும். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 48 மில்லிவினாடி அதிகம். பத்து ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஏறக்குறைய முக்கால் அட்சரம் பின்தங்கிவிடும். பாடுபவர் மேல் தப்பு இல்லை, கோப்பின் மேல்தான்.

இதை ஓரளவு மீட்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தேர்வின் அளவைச் சாம்பிள் கணக்கில் காட்டும்படி மாற்றி, முதல் 1,105ஐ வெட்டி, அடுத்த 235,200ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாளம் நேராகும். ஆனால் எம்பி3 தின்றது திரும்பாது. ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) 16,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி கத்தரித்தது போல நின்றால், வலந்தலையின் (மிருதங்கத்தின் வலப்பக்கம்) மினுமினுப்பு போனது போனதுதான்.

மீட்கவே முடியாத இன்னொன்று: கடைசி அடியின் கார்வை, அதாவது அடித்த பிறகும் நீளும் ஒலி. தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்காரம் ஆவர்த்தனம் முடிந்த பிறகும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதைச் சமத்தில், அதாவது அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில், வெட்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கமும் வறண்டு கேட்கும். ஒழுங்காகச் செய்பவர்கள் அதே ஆவர்த்தனத்தை மூன்று முறை வாசிக்க வைத்து நடுவில் உள்ளதை எடுப்பார்கள்; முந்தைய சுற்றின் கார்வை அதன் தொடக்கத்தில் தானாகவே இருக்கும். ஒரு முறைதான் வாசித்திருந்தால், முடிவுக்குப் பின் நீளும் கார்வையை வெட்டி எடுத்து லூப்பின் தொடக்கத்தின் மேல் கலப்பார்கள். விற்றவர் அந்த வாலையே எறிந்துவிட்ட பிறகு வாங்கியவர் எதைக் கலப்பது?

தம்பூரா கோப்புகளில் வேறு வகை ஏமாற்று. இரண்டு முனைகளிலும் ஃபேட் போட்டு, அதாவது ஒலியைப் படிப்படியாக ஏற்றி இறக்கி, ஒட்டில் வரும் “டக்” சத்தத்தை மறைத்திருந்தார்கள். சுருதி ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு வாங்குவது போல் அமுங்கி எழும். அந்த “டக்” வருவது, முடிவில் அலை இருக்கும் உயரமும் தொடக்கத்தின் உயரமும் பொருந்தாததால். அலை நடுக்கோட்டை (பூஜ்யக் கோட்டை) கடக்கும் இடத்தில் வெட்டினால் போதும் என்பார்கள், போதாது. இரண்டு முனையிலும் அலை ஒரே திசையில், ஏறினால் ஏறிக்கொண்டே, கோட்டைக் கடக்க வேண்டும். ஸ்டீரியோவில் இடமும் வலமும் ஒரே கணத்தில் கடப்பது அரிது. அதனால் தம்பூராவுக்கு கிராஸ்ஃபேட்தான் (ஒன்றை இறக்கிக்கொண்டே இன்னொன்றை ஏற்றுவது) வழி. நீளமான பதிவிலிருந்து, நான்கு தந்தியும் மீட்டிய முழுச் சுற்றுகளாக லூப்பைக் குறியுங்கள். லூப் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள 200 மில்லிவினாடியை எடுத்து, லூப்பின் கடைசி 200 மில்லிவினாடியின் மேல் மெல்ல ஏற்றி, பழையதை இறக்குங்கள். தந்தியை மீட்டும் இடம் அதற்குள் விழக் கூடாது. இரண்டு துண்டின் அலைகளும் பொருந்தாதபோது நேர்கோட்டு ஃபேட் நடுவில் 3 டெசிபல் குழியும், அங்கே சம ஆற்றல் வளைவு (இரண்டின் ஆற்றலும் சேர்ந்து மாறாமல் இருக்கும்படி ஏற்றி இறக்கும் வளைவு) வேண்டும். அலைகள் கச்சிதமாகப் பொருந்தினால் தலைகீழ்: சம ஆற்றல் 3 டெசிபல் புடைக்கும், நேர்கோடே சரி.

சில கோப்புகள் வினாடிக்கு 48,000 சாம்பிளில் பதிந்து 44,100 என்று முத்திரை குத்தியவை; அதனால் மெதுவாக ஓடி சுருதி இறங்கும். ஐந்தரைக் கட்டை (சுருதியின் அளவு) என்று பெயரிட்டது நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே ஒலித்தது. ட்யூனர் வைத்துப் பார்க்காமல் கச்சேரிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

விற்பவரின் மாதிரி ஒலியை நம்ப வேண்டாம். புல்லாங்குழலும் எதிரொலியும் மேலே பூசிய பாட்டில் எந்த ஒட்டும் கேட்காது. மேலே எதுவும் சேர்க்காத ஒரே ஒரு லூப்பை வேவாகவோ, ஒலியில் எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃப்ளாக்காகவோ கேளுங்கள். சாம்பிளை எண்ணுங்கள், 32 முறை ஹெட்ஃபோனில் ஓடவிடுங்கள். அந்த ஒன்றைக் கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.