பழைய புத்தகப் பக்கத்திலிருந்து எழுத்தெடுக்க: கூகுள் டிரைவா, டெசராக்டா?

கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் போதும். படத்துக்குக் கீழே எழுத்து வந்துவிடும். மங்கிய தாளையும் ஓரளவு சமாளிக்கும். இணையம் கட்டாயம்.

டெசராக்ட், படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள். இலவசம், கணினியிலேயே ஓடும். நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே கட்டளையில் முடிக்கலாம். ஆனால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து, சாய்வை நேராக்கி, ஒற்றைப் பத்தியாக வெட்டி, கட்டளையில் பக்க அமைப்பு எண் 6 (--psm 6, அதாவது முழுவதும் ஒரே எழுத்துத் தொகுதி) கொடுங்கள். இதைச் செய்யாமல் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் இரண்டையும் நம்பிவிடாதீர்கள்: துதிக்கை போட்ட ‘லை’, ‘னை’, சுழித்த ‘றா’ எல்லாம் வம்பு.

அதைவிடக் கள்ளத்தனமான பிழை ஒன்று உண்டு. ‘அவர்’ என்பது துணைக்காலும் புள்ளியுமாக ‘அவா்’ ஆகிவிடும். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் சிக்காது. துணைக்கால்மேல் புள்ளி தமிழில் வராது. எனவே அந்தச் சேர்க்கையை மொத்தமாகத் தேடி ‘ர்’ என்று மாற்றிவிடலாம்.