மேனுவல் அட்டவணையா, சர்வீஸ் சென்டர் பட்டியலா? கார் பராமரிப்பில் எது அவசியம்

காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வந்த சில மணி நேரத்தில் அந்த போன் வரும். "சார், இன்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ரோட்டில் பாடி கிளீனிங் எல்லாம் டியூ இருக்கு. பண்ணிடலாமா?" காரோடு தரும் கையேடான மேனுவலில் உள்ள அட்டவணைப்படி டியூவா என்று கேட்க அந்த நேரத்தில் பலருக்கும் தோன்றுவதில்லை. சரி என்று சொல்லிவிடுகிறோம்.

இதில் பணம் வீணாவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. இப்படி நாலைந்து வேலைக்குத் தலையாட்டியவர், பில் ஏறிவிட்டதே என்று "பிரேக் ஆயிலை அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்கிறார். தள்ளவே கூடாத வேலை தள்ளிப்போகிறது. அதனால்தான் ஒன்றோடொன்று போட்டிபோடும் வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கேள்வி இரண்டு: செய்யாமல் விட்டால் எது கெடும்? கெடுவது நமக்கு முன்கூட்டியே தெரியுமா?

இன்ஜின் ஆயில் மாற்றுவதும் இன்ஜின் ஃபிளஷும்

ஆயில் மாற்றுவதில் பேரமே கிடையாது. இன்றைய பல கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இதில் எது முந்துகிறதோ அது. ஓடாமல் நின்ற வண்டிக்கும் அந்த ஓராண்டுக் கணக்கு உண்டு. ஆயில் கருத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அழுக்கையும் புகைக்கரியையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். டீசல் இன்ஜினில் புது ஆயில் சீக்கிரமே கருத்துப்போகும்.

ஃபிளஷ் என்பது பழைய ஆயிலை இறக்குவதற்கு முன் ஒரு கரைப்பானை ஊற்றிச் சில நிமிடம் இன்ஜினை ஓட்டுவது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய இன்ஜினில் அது கரைக்க வேண்டிய கசடு பெரிதாக இருக்காது. வருடக்கணக்கில் கவனிக்காத இன்ஜினிலோ, கட்டியாகப் பெயர்ந்த கசடு ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும் ஆபத்து உண்டு. நல்ல இன்ஜினுக்குத் தேவையில்லை, மோசமான இன்ஜினுக்கு ஆபத்து. நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

பிரேக் ஆயிலும் இன்ஜெக்டர் கிளீனிங்கும்

இரண்டில் ஒன்றுக்குத்தான் பட்ஜெட் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிரேக் ஆயில். பெரும்பாலான கார்களில் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4 வகை. இரண்டும் ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட மெல்ல மெல்ல நீர் உள்ளே போகும். டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது சூடு ஏறி ஆயில் கொதித்தால், குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உருவாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதித்த பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அன்றாடம் ஊருக்குள் ஓட்டும்போது இதற்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் என் பயம். பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. கி.மீ. பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்.

இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பிரச்சினை அப்படி ஒளிந்துகொள்ளாது. ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) நடுக்கம், பிக்கப் குறைவு, இன்ஜின் விளக்கு என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். காட்டிய பிறகு செய்தால் போதும். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரோட்டில் பாடிக்கும் இதே பதில். ஒரு விதிவிலக்கு: டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் பெட்ரோல், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் மேல் படாமல் நேராக சிலிண்டருக்குள் போவதால், வால்வில் கரி சேரும். அங்கே டேங்கில் ஊற்றும் மருந்தும் பயன்படாது, அது வால்வைத் தொடுவதே இல்லை.

டைமிங் பெல்ட்டும் செயினும்

பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் இயங்க வைப்பது சில இன்ஜின்களில் பெல்ட், சிலவற்றில் செயின். உங்களுடையது பெல்ட் உள்ள இன்ஜினா என்று இன்றே மேனுவலில் பாருங்கள். பெல்ட் அறும்போது பெரும்பாலும் எச்சரிக்கை இருக்காது. பல இன்ஜின்களில் அறுந்த நொடியில் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். குறித்த கி.மீ. அல்லது ஆண்டு வந்ததும் மாற்ற வேண்டும். வாட்டர் பம்பை அந்த பெல்ட்டே சுற்றுகிறதென்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது, பிரிக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். செயினுக்கு வழக்கமாக மாற்றும் கெடு கிடையாது. ஆனால் ஆயிலைக் கவனிக்காவிட்டால் செயினும் தேய்ந்து நீளும்.

அலைன்மென்ட், பேலன்சிங், நைட்ரஜன்

வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஓரத்தில் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. வேகத்தில் ஸ்டீயரிங் அதிர்ந்தால் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது. புது டயர் போட்டாலும், பெரிய பள்ளத்தில் இடித்தாலும் பார்க்கலாம். நைட்ரஜன் வேண்டியதில்லை. நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மாதம் ஒருமுறை டயர் குளிர்ந்திருக்கும்போது பிரஷர் பாருங்கள்.

ஏசி கேஸும் கேபின் ஃபில்டரும்

கூலிங் குறைந்தால் உடனே கேஸ் நிரப்பச் சொல்வார்கள். ஏசி கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதல்ல, மூடிய சுற்றுக்குள் சுழல்வது. ஒவ்வொரு வருடமும் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும், நாமே கழற்றலாம். அது அடைத்திருந்தால் ஏசி நன்றாக இருந்தும் காற்று வராது.

மேனுவல் தோற்கும் இடம்

இதுவரை மேனுவல் பக்கமே நின்றேன். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலில் மட்டும் முழுதாக நிற்க முடியவில்லை. சில கார் நிறுவனங்கள் அதை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்கின்றன. ஆனால் பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றப் பரிந்துரைக்கிறது. காரை நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறவர் மாற்றிவிடுவதே நல்லது. மாற்றும்போது அந்த கியர்பாக்ஸுக்குச் சொன்ன வகை ஆயிலா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மேனுவலிலும் பலர் முதல் அட்டவணையோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் இன்னொன்றும் இருக்கும், கடுமையான உபயோகத்துக்கானது. தூசி, நெரிசலில் நின்று நின்று ஓடுவது, அதிக பாரம், இன்ஜின் முழுச் சூடு அடையும் முன்பே முடிந்துவிடும் குட்டிப் பயணங்கள். கடைசியில் சொன்னதில் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். தினமும் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர், "நான் ஓட்டுறதே கம்மி" என்று நினைத்திருந்தாலும், ஆயில் மாற்றும் தேதியை அந்த இரண்டாவது அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.