வளையத்தைத் திருப்பும்போது எழுத்து என்ன ஆகிறது?

நாகமலைப் புதுக்கோட்டையில் ஆய்வேடுகளுக்குப் பக்கம் அமைத்துத் தருகிறேன். மூலக்கூறு வரைபடங்களோடு வரும் வேதியியல் மாணவர்கள் அடிக்கடி கேட்பது: "அக்கா, இந்த வளையத்தைத் தொண்ணூறு பாகை திருப்பித் தர முடியுமா?"

முடியும். மூன்று வழிகள் உண்டு.

படத்தை மொத்தமாகத் திருப்புவது முதல் வழி. வேர்டிலும் செய்யலாம், கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருளான லேடெக்கின் (LaTeX) ரொட்டேட்பாக்ஸ் கட்டளையாலும் செய்யலாம். நொடி வேலை, ஆனால் எழுத்துகளும் சேர்ந்து சாய்ந்துவிடும். பிரிடின் வளையத்தில் நைட்ரஜனைக் குறிக்கும் 'என்' (N) படுத்தால் 'இசட்' (Z) ஆகிறது. ஏரியல் எழுத்துருவில் ஆல்டிஹைடின் 'எச்' (H) 'ஐ' (I) போல நிற்கிறது. ஐ என்றால் அயோடின்! ஒருமுறை இப்படி ஒரு படத்தை நானே கவனிக்காமல் விட்டு, பைண்டிங் முடிந்த படிகளைப் பிரிக்க நேர்ந்தது. முழுப் பக்கமும் தலைப்போடு சேர்ந்து கிடைவாட்டில் போகும்போது மட்டும் இந்த வழி சரி. வேர்டில் இதே பட்டியலில் உள்ள புரட்டும் கட்டளையைத் தொடவே கூடாது. கண்ணாடிப் பிம்பமாக்கினால் இடக்கை மூலக்கூறு வலக்கை மூலக்கூறாகிவிடும்.

இரண்டாவது, கிறிஸ்டியன் டெல்லஷியா எழுதிய செம்ஃபிக் (chemfig); லேடெக்கில் மூலக்கூறு வரைய உதவும் தொகுப்பு. இதில் ஒவ்வொரு அணுவும் தனித்தனியே வைக்கப்படுகிறது. தொடக்கக் கோணத்தை மாற்றினால் வளையம் சுழலும், எழுத்து நிமிர்ந்தே இருக்கும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒற்றை முக்காற்புள்ளியோடு (:) கோணம் எழுதிய பிணைப்புகள் சுழலாமல் பழைய திசையிலேயே நிற்கும்; இரட்டை முக்காற்புள்ளி (::) இட்டவையே கூடச் சுழலும். அடுத்து, வலப்பக்கம் இருந்த ஓஎச் (OH) இடப்பக்கம் போனால் பிணைப்புக் கோடு ஆக்சிஜனை விட்டுவிட்டு ஹைட்ரஜனைத் தொடும். அங்கே எச்ஓ என்று கையால் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, 1985இல் வந்த கெம்டிரா (ChemDraw) என்ற மூலக்கூறு வரையும் மென்பொருள். இதில் அந்தத் தொல்லை இல்லை. திருப்பினால் எழுத்தும் நிமிர்ந்திருக்கும், ஓஎச் தானே எச்ஓ ஆகும். ஆனால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும். மாணவர்களுக்கு அது எளிதல்ல. கெம்டிராவிலிருந்து படமாக ஒட்டினால் எழுத்துருவும் ஆய்வேட்டின் எழுத்துருவோடு ஒட்டாமல் தனித்துத் தெரிகிறது.

ஆகவே லேடெக்கில் எழுதி வருபவர்களுக்குச் செம்ஃபிக்கையே தயங்காமல் சொல்கிறேன். வழிகாட்டி கடைசி நாளில் ஒரு மெத்தில் தொகுதியை மாற்றச் சொன்னாலும் ஒரு வரியைத் திருத்தினால் போதும். வேர்டில் எழுதுபவர்கள் கெம்டிரா உள்ள துறைக் கணினியிலேயே திருப்பிவிட்டுப் படத்தை எடுத்து வரட்டும். அதன் பிறகு அதை ஒரு பாகைகூடச் சாய்க்க மாட்டேன்.