தேனீ முதுகில் சில்லு: இரண்டு வருடம் பழகிய பிறகு

மார்த்தாண்டத்துக்கு வடக்கே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் தேன் பெட்டிகள் நிற்கின்றன. அதில் இரண்டு பெட்டிகளின் வாசலில் மட்டும் ஒயர் தொங்கும். ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் என் தங்கச்சி மகன் மாட்டிய ஆர்எஃப்ஐடி கருவி அது; தேனீ முதுகில் ஒட்டிய சில்லின் எண்ணை ரேடியோ அலையால் படிக்கும். அவன் அவ்வப்போது வந்து கணக்கை எடுத்துப் போவான். மற்ற நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டுவது நான்தான்.

முதலில் ஒரு தப்பு எண்ணத்தை உடைத்துவிடுகிறேன். இது ஜிபிஎஸ் இல்லை. சில்லில் பேட்டரி கிடையாது. வாசலில் இருக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையில் உயிர் பெற்று, தன் எண்ணைச் சொல்லும். அதுவும் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான். ஈ எப்போது போனது, எப்போது வந்தது என்று தெரியும். எங்கே போனது என்று தெரியாது. வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் பாதையைப் பார்க்க 1996லேயே இங்கிலாந்தில் ரேடார் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டும். மேடும் பள்ளமும் மரமுமாகக் கிடக்கும் நம்ம ஊரில் நடக்காது.

சில்லு ஒட்டுவதுதான் பெரிய வேலை. பத்துப் பதினைந்து ஈயை டப்பாவில் பிடித்து ஐஸ் மேல் வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மயங்கிவிடும். கொஞ்சம் கூடினால் செத்துப்போகும். முதல் நாள் அப்படித்தான் நான்கு போயிற்று. பிறகு ஊசி முனையில் பசை தொட்டு, நெஞ்சின் நடுவில் புள்ளி வைத்து, இடுக்கியால் சில்லை அமர்த்த வேண்டும். எள்ளை விடச் சின்னது, எடை இரண்டரை மில்லிகிராம் இருக்கும். பசை இறக்கை மூட்டில் பட்டால் அந்த ஈ அவ்வளவுதான், தரையில் வட்டமடித்துக்கொண்டே கிடக்கும். அப்பா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "ஈக்க முதுகுல எதுக்குலே பாரம் ஏத்துத?" என்றார். 90களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானதைப் பார்த்தவர். ஈயைத் தொட்டாலே அவருக்குப் பதறும்.

ஒட்டினதெல்லாம் நிற்கவும் செய்யாது. நம்ம இந்தியத் தேனீ ஒன்றையொன்று துப்புரவு பார்ப்பதில் கெட்டி, சில்லையும் அழுக்கென்று பிய்த்துப் போடும். காலையில் பெட்டி முன்னால் குனிந்து பொறுக்குவது என் வழக்கமாயிற்று. அதனால் இப்போது வயிற்றிலும் ஒரு வண்ணப் பொட்டு வைக்கிறேன். சில்லு விழுந்தாலும் ஈ இருக்கிறதா என்று தெரியும்.

இன்னொரு குறை, வாசல் குழாய். உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று அறிய இரண்டு கருவி வரிசையாக இருப்பதால் வழி குறுகிவிடுகிறது. ரப்பர் தளிர் விட்டு, இலைக்காம்பு நுனியில் தேன் சுரக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே தெருநெரிசல்தான். பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். எல்லாம் அது வழியே போய்விட்டன, கணக்கு பாழ். இப்போது தேன் சீசனில் குழாயைக் கழற்றிவிடுகிறேன். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

உருப்படியாக ஒன்று கிடைத்தது. குழாய் மாட்டியிருந்த தளிர் காலத்தில் பல ஈக்கள் கால் மணி நேரத்தில் திரும்பின. சீனிப்பாகு ஊற்றிக் காப்பாற்றும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு மணி நேரம் கழித்து வருவதும் உண்டு. பக்கத்தில் தீனி இல்லை என்று அர்த்தம். பெட்டியை எப்போது, எங்கே மாற்றுவது என்று முடிவெடுக்க இது உதவியது.

அப்புறம் ஒரு சங்கதி. போன வருடம் நவம்பரில் நான்கு நாளில் 31 ஈ வெளியே போனதோடு சரி, திரும்பவில்லை. கீழே பாகல் பந்தலுக்கு மருந்து அடித்திருந்தார்கள். 2012இல் பிரான்சில் 653 தேனீக்களுக்கு இதே மாதிரி சில்லு ஒட்டி, சாகாத அளவு பூச்சிமருந்து கொடுத்தாலே வழி தவறிப் போகின்றன என்று காட்டியதை மருமகன் சொல்லியிருந்தான். மருந்துதான் என்று முடிவு கட்டி, தோட்டக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து, தேனீயைப் பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டான் குருவி உட்காரும் மின்கம்பியின் கீழே இறக்கைத் துணுக்குகளோடு கறுப்பாக ஏதோ மின்னியது. கருவியில் காட்டினேன். எண் வந்தது. அன்று மாலைக்குள் ஆறு சில்லு பொறுக்கினேன். மீதி 25 என்னவாயிற்றோ, தோட்டக்காரர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.