‘ரீஃப் லைட்’ வாங்கப் போகிறவர்கள் ஒரு பழைய சிடியைக் கையோடு கொண்டு போங்கள்

நாகர்கோவில் பக்கம் ஒரு மீன் கடையில் ‘பவளத் தொட்டிக்கான 165 வாட் ஃபுல் ஸ்பெக்ட்ரம்’ என்று சொல்லி 11,500 ரூபாய்க்குத் தலையில் கட்டிய விளக்கைப் பற்றியது இந்தப் பதிவு. கடையின் பெயர் வேண்டாம். இதே கறுப்புப் பெட்டி பல ஸ்டிக்கர்களில் வருகிறது, ஏமாற்றும் விதம் தெரிந்தால் போதும்.

சொன்னது இது: மொத்தம் 55 எல்இடி. நீல சேனலில், அதாவது தனியாகக் கூட்டிக் குறைக்கும் நீலப் பகுதியில் 28; அதில் 450 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம், நிறத்தைச் சொல்லும் எண்) ராயல் ப்ளூவும் 470 ப்ளூவும் கலந்து 22, 420 வயலட் 6. கழற்றிப் பார்த்தால் அந்த 22-ம் ஒரே 470. ‘வயலட்’ ஆறும் செடி வளர்ப்புக்குப் போடுகிற பிங்க் எல்இடி, அதாவது நீல சிப்பின் மேல் சிவப்பாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு பூசியது. 165 வாட் என்பதும் 55-ஐ மூன்றால் பெருக்கிய கணக்குதான். பிளக்கில் வாட் மீட்டர் மாட்டினால் முழு வெளிச்சத்தில் 78 காட்டியது. இந்த வகைப் பெட்டியில் நல்லதே 110, 120-ஐத் தாண்டாது.

கடையில் நம்ப வைத்தது ஒரு மொபைல் லக்ஸ் ஆப். “பாத்தியளா அண்ணே, வேற எந்த லைட்டு இவ்வளவு காட்டும்? பக்கா ரீஃப் லைட்டாக்கும்.” சூதே இங்கேதான். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. 555-இல் உள்ள பச்சையைக் கண் 1 என்று எடுத்துக்கொண்டால், 470 நீலம் சுமார் 0.09, 450 சுமார் 0.04, 420 வெறும் 0.004. ஒரே சக்தி கொடுத்தாலும் 450-ஐ விட 470 இரண்டு மடங்குக்கு மேல் ‘பளிச்’ என்று தெரியும். சரியான கலவை போட்ட விளக்கு அந்த ஆப்பில் எப்போதும் தோற்கும்.

பவளத்துக்குள் வாழும் பாசியின் கணக்கு வேறு. குளோரோஃபில் ஏ 430-ஐ ஒட்டியும், சி2 450-ஐ ஒட்டியும் ஒளியைப் பிடிக்கும். அதே பாசியின் இன்னொரு நிறமியான பெரிடினின் 470 முதல் 500-ஐத் தாண்டியும் பிடிக்கும். ஆகவே 470 மட்டும் போட்டால் பவளம் செத்துவிடும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் தொட்டி வானநீலத்தில் வெளுத்துக் கிடக்கும். பொத்தான் மாதிரி இருக்கும் ஸோவாந்திட் பவளம் ஒளிர்ந்தாலும் அந்த வெளிச்சத்தில் அமுங்கிப் போகும். பவளம் மின்னுவதைப் பார்க்கத்தானே நீல விளக்கு வாங்குகிறோம்?

சோதிக்கும் விதம்: கனத்த கறுப்பு அட்டையில் சின்ன ஓட்டை போட்டு ஒரே ஒரு எல்இடி மட்டும் தெரியும்படி மறையுங்கள். அறையை இருட்டாக்கி, சிடியின் மினுங்கும் பக்கத்தைச் சாய்த்து அதில் விழும் நிறப்பட்டையைப் பாருங்கள். லென்ஸுக்குள் நேராகப் பார்க்கக் கூடாது, வயலட்டை அறவே கூடாது. ராயல் ப்ளூ ஊதா சாய்ந்த ஒரு ஒடுங்கிய பட்டை. 470 தெளிந்த நீலம். பிங்க் எல்இடியில் நீலத்தைத் தள்ளி அகலமான சிவப்பு தனியாக நிற்கும், அதோடு குட்டு வெளிப்பட்டுவிடும். 450-க்கும் 455-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சிடி சொல்லாது. உதிரிப்பாகக் கடையில் எண் தெரிந்த ஒரு 450 வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வயலட் என்று சொல்வது கண்ணைப் பறித்தால் அது வயலட்டே அல்ல. 400-ஐ ஒட்டியதாகச் சொன்னால், சோப்புத் தூளில் துவைத்த வெள்ளை வேட்டியை அடியில் காட்டுங்கள். வெளிர்நீலமாக ஒளிர வேண்டும்.

மாற்றிப் போடுவதானால் 60×45×45 செ.மீ. தொட்டிக்கு அந்த 28-இல் 450 பதினான்கு, 470 ஆறு, 420 ஐந்து, 405 ஒன்று, 495 சயான் (பச்சை கலந்த நீலம்) இரண்டு போதும். இந்தப் பெட்டியில் 28-ம் ஒரே தொடர், ஒன்றுக்கு 3.2 வோல்ட் என்றால் சுமார் 90 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும், மல்டிமீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். தொடரில் எல்லாவற்றுக்கும் ஒரே கரன்ட்தான். வயலட் 500 மில்லி ஆம்பியர் ரகமாக இருந்து கரன்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் 600 தள்ளினால் முதலில் போவது அதுதான். ஈயம் வைக்க 25 வாட் சால்டரிங் அயர்னும் சரிப்படாது. அலுமினியத் தகடு சூட்டைக் குடித்துவிடும், 60 வாட் வேண்டும். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடல் காற்றில் ஈயம் வைத்த இடமெல்லாம் பச்சை பூக்கும். லென்ஸில் படாமல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடியுங்கள்.

புதுக் கலவையை 30 சதவீதத்தில் தொடங்கி வாரம் 5 கூட்டுங்கள். அவசரப்பட்டால் பவளம் வெளுக்கும்.

அதே கடையில் ‘பாறையில் எடுத்த கல் பவளம்’ என்றும் நீட்டினார்கள். கல் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தொடவே வேண்டாம்.

திருப்பிக் கொண்டுபோனபோது கிடைத்த பதில், “தண்ணி பட்டுட்டு, வாரண்டி கெடையாது.” கையில் இருந்ததோ துண்டுக் காகிதம். நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுவதானாலும் பில் கையில் இருந்தால்தான் பேச்சு எடுபடும். பில்லில் ‘ரீஃப் லைட் 1’ என்று எழுத விடாதீர்கள். 450 எத்தனை, 470 எத்தனை, 420 எத்தனை என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே சிடியை வெளியே எடுங்கள்.