ஏஸ் டபுள் ஜி-574: பின் அட்டை இல்லாத புத்தகம்

இந்தப் புத்தகத்துக்குப் பின் அட்டை கிடையாது. இரண்டு பக்கமும் முன் அட்டைதான். இரண்டும் அறிவியல் புனைகதை நாவல்கள். ஒரு பக்கம் உர்சுலா கே. லெ குவினின் ‘ரோகனன்ஸ் வேர்ல்ட்’. அப்படியே தலைகீழாகப் புரட்டினால் ஏவ்ரம் டேவிட்சனின் ‘தி கார்-சீ ரெய்ன்’. இரண்டு நாவல்களும் நடுவில் வந்து முட்டிக்கொண்டு முடிகின்றன. அமெரிக்காவின் ஏஸ் பதிப்பகம் 1952 முதல் 1973 வரை இப்படி நூற்றுக்கணக்கில் இரட்டை நாவல்கள் போட்டது. இது 1966இல் வந்தது. எண்ணுக்கு முன்னால் இருக்கும் ‘ஜி’ விலைக் குறி: 50 சென்ட். ‘டி’ என்றால் 35, ‘எஃப்’ என்றால் 40. நான் கொடுத்தது 18 டாலர், அதற்கு மேல் கப்பல் கூலி தனி.

இதை நான் முதலில் வாங்கியது 1981இல், சென்னை மூர் மார்க்கெட்டில், மூன்று ரூபாய்க்கு. தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக்காக வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சென்ட்ரல் பக்கம் போய்ப் பழைய புத்தகக் குவியல்களில் உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பிரதியில் லெ குவின் பக்கத்து அட்டை கிழிந்துபோயிருந்தது. நூலாசிரியர் யார் என்றே தெரியாமல்தான் படித்தேன். திருச்சிக்கு மாற்றலாகி வீடு மாறியபோது அந்தப் பிரதி எங்கேயோ போய்விட்டது. 1985இல் மூர் மார்க்கெட்டும் எரிந்துபோனது. நாற்பது வருஷத்துக்கு மேல் தேடி, இப்போதுதான் இரண்டு அட்டையோடும் ஒரு பிரதி கைக்கு வந்திருக்கிறது.

லெ குவினின் முதல் நாவல் இது. தொடக்கத்தில் வரும் கதை 1964இல் தனியாக ஒரு பத்திரிகையில் வந்தது. செம்லி என்ற பெண், தன் குலத்தின் நகையைத் தேடி விண்கலத்தில் போகிறாள். ஒரு நீண்ட இராத்திரிப் பயணம், அவ்வளவுதான் என்று நினைக்கிறாள். ஒளியின் வேகத்துக்கு அருகில் போனவளுக்குத்தான் அது ஒரு இராத்திரி. நகையோடு திரும்பி வந்து பார்த்தால் கணவன் போரில் செத்துவிட்டான். குழந்தையாக விட்டுப் போன மகள் குமரியாக நிற்கிறாள். சார்பியல் கொள்கையை எனக்குப் புரியவைத்தது இந்தக் கதைதான். இப்போது படித்தபோதும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அப்புறம், ஆன்சிபிள். எத்தனை ஒளியாண்டு தூரமானாலும் அந்தக் கணமே செய்தியைச் சேர்த்துவிடும் கருவி. அந்தச் சொல்லே இந்த நாவலில்தான் பிறந்தது. பிறகு வேறு எழுத்தாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். தன் கலமும் தோழர்களும் அழிந்துபோன நாவலின் நாயகன் ரோகனன், ஒரே ஒரு செய்தி அனுப்புவதற்காக எதிரியின் தளத்திலிருக்கும் ஆன்சிபிளைத் தேடி ஒரு கிரகத்தையே கடக்கிறான். பகலெல்லாம் சாவுத் தந்திகளை அடித்துவிட்டு, ராத்திரி விடுதியில் இதைப் படித்தவள் நான். ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஒருவன் இவ்வளவு பாடுபடுவது எனக்குக் கற்பனையாகவே படவில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தினார்கள். அன்று ராத்திரியும் எனக்கு ரோகனன்தான் நினைவுக்கு வந்தான்.

டேவிட்சனின் பாதி சுமார்தான். பூமியின் தாதுக்களைச் சுரண்ட வரும் பூச்சி போன்ற வேற்றுக்கிரக உயிர்கள், கூடவே டிராகன்கள். நடை நன்றாக இருக்கிறது, மனதில் ஒட்டவில்லை.

பொருளாகப் பார்த்தால் ஏஸ் டபுளில் குறைகள் உண்டு. மலிவான தாள், அமிலம் அரித்துப் பழுப்பேறும், ஓரம் பொடியும். முதுகுப் பசை காய்ந்துவிடுவதால் முழுக்க விரித்தால் நடுவில் பிளக்கும். அது இரண்டு நாவல்களின் முடிவும் இருக்கும் இடம். பக்கக் கணக்குக்காக எழுத்தையும் வெட்டியிருக்கிறார்கள்: சாமுவேல் டிலேனியின் முதல் நாவல் 1962இல் இதே இரட்டை வரிசையில் சுருங்கித்தான் வந்தது, முழு வடிவம் வர 1968 ஆயிற்று. ஆனாலும் பிலிப் கே. டிக்கின் முதல் நாவலை 1955இல் 35 சென்ட்டுக்கு இன்னொரு நாவலோடு சேர்த்துக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். பெயர் தெரியாத புதியவர்களை நம்பி அச்சடித்த அந்தத் துணிச்சலுக்காகவே இந்த வரிசையைச் சேர்க்கிறேன்.

வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விற்பவரிடம் இரண்டு அட்டைகளின் படத்தையும், முதுகின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு முதலில் அனுப்பிய ஒருவர் ‘நல்ல நிலை’ என்று எழுதிவிட்டு, மெல்லிய உறையில் போட்டு அனுப்பினார். முதுகு ஒடிந்து வந்தது. இது இரண்டாவது ஆளிடம் வாங்கியது, இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவில் கட்டி அனுப்பியிருந்தார். கதையைப் படித்தால் போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லை. 1996இல் லெ குவினின் முதல் மூன்று நாவல்களும் ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் எக்ஸைல் அண்ட் இல்யூஷன்’ என்று ஒரே தொகுப்பாக வந்துவிட்டன. தாளும் எழுத்தும் கண்ணுக்கு இதம்.

அடுத்து நான் தேடுவது ஜி-597: லெ குவினின் இரண்டாவது நாவல், மறுபக்கம் தாமஸ் டிஷ். தாள் பழுப்பேறியிருந்தால் பரவாயில்லை, இரண்டு அட்டையும் இருக்க வேண்டும்.